முடிவு நாள் எழுதாத தீர்மானம்

ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலைச் சீர்திருத்துவது பற்றிப் பேச்செடுத்தால் விவாதம் இரண்டே இடங்களில் போய் நின்றுவிடுகிறது. நிரந்தர இடம் யாருக்கு என்பது ஒன்று. வீட்டோவை வைத்துக்கொள்வதா ஒழிப்பதா என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். 1945-ல் ஐந்து நாடுகளுக்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் இன்றும் அந்த ஐந்திடமே இருக்கின்றன. 54 நாடுகள் கொண்ட ஆப்பிரிக்காவுக்கு நிரந்தர இடம் ஒன்றுகூட இல்லை. இதற்கு யாராலும் நியாயம் சொல்ல முடியாது. ஆனால் இவ்விரண்டு கேள்விகளுக்கும் நாளைக்கே நல்ல விடை கிடைத்தாலும் தீராத கோளாறு ஒன்று கவுன்சிலின் வேலைமுறையிலேயே இருக்கிறது. 2011-ல் லிபியா விஷயத்தில் அது அப்பட்டமாகத் தெரிந்தது.

லிபியாவை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 1999-ல் கொசோவோவுக்காக நேட்டோ 78 நாள் குண்டு வீசியபோது கவுன்சிலின் அனுமதி இல்லை. 2003-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக்குக்குள் நுழைந்தபோது புதிய அனுமதி எதுவும் கிடைக்கவில்லை. அவற்றைச் சட்டமீறல் என்று சொல்லி விவாதத்தை முடித்துவிடலாம். லிபியாவில் அதற்கு வழியில்லை. தீர்மானம் வந்தது, வாக்கெடுப்பு நடந்தது, யாரும் வீட்டோவைக் கையில் எடுக்கவில்லை, அரபு லீக்கே தலையீட்டைக் கேட்டது. சட்டம் வேலை செய்த ஓர் இடத்தில் அதன் ஓட்டை எங்கே இருந்தது என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான நிகழ்வு இல்லை.

2011 பிப்ரவரி 15 அன்று பெங்காசி நகரில் ஃபாதி தெர்பில் என்ற வழக்கறிஞரைப் பாதுகாப்புப் படையினர் பிடித்துக்கொண்டு போனார்கள். 1996-ல் திரிபோலியின் அபு சலீம் சிறையில் சுமார் 1,200 கைதிகள் கொல்லப்பட்டார்கள். பல குடும்பங்களுக்கு அந்தச் சாவுச் செய்தி வந்துசேரவே ஆண்டுக்கணக்கில் ஆனது. அந்தக் குடும்பங்களின் வழக்கை நடத்தியவர் தெர்பில். அவரை விடுவிக்கச் சொல்லித் தெருவுக்கு வந்த கூட்டத்தில் மகனையோ சகோதரனையோ அந்தச் சிறையில் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். அங்கே தொடங்கிய கிளர்ச்சி சில நாட்களிலேயே கிழக்கு லிபியாவை ஆட்சியாளர் கடாபியின் கையிலிருந்து பிடுங்கியது. பிப்ரவரி 26 அன்று கவுன்சில் ஒருமனதாக ஆயுதத் தடை விதித்தது, சொத்துகளை முடக்கியது, விவகாரத்தைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. இந்தியாவும் ஆதரித்தே வாக்களித்தது. மார்ச் நடுவில் நிலைமை தலைகீழானது. கடாபியின் படை ஊர் ஊராகத் திரும்பப் பிடித்துக்கொண்டு பெங்காசியை நெருங்கியது. வீடு வீடாகத் தேடுவோம், இரக்கம் காட்ட மாட்டோம் என்று அவர் வானொலியில் அறிவித்தார்.

மார்ச் 17 அன்று 1973 என்ற எண்ணுள்ள தீர்மானம் வாக்குக்கு வந்தது. ஆதரவு 10, எதிர்ப்பு இல்லை. ரஷ்யா, சீனா, இந்தியா, பிரேசில், ஜெர்மனி ஆகிய ஐந்தும் எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் ஒதுங்கின. தீர்மானத்தின் உயிர் அதன் நான்காம் பத்தியில் இருக்கிறது. தாக்குதல் அபாயத்தில் உள்ள பொதுமக்களையும் அவர்கள் வாழும் பகுதிகளையும் காக்கத் தேவையான எல்லா நடவடிக்கைகளையும் உறுப்பு நாடுகள் எடுக்கலாம். ஆனால் எந்த வடிவிலும் அந்நிய ஆக்கிரமிப்புப் படை லிபிய மண்ணில் இருக்கக் கூடாது. ஆறாம் பத்தி லிபிய வானில் விமானங்கள் பறக்கத் தடை விதித்தது. நடவடிக்கை எடுக்கும் நாடுகள் பொதுச்செயலருக்குத் தகவல் தர வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது.

நுழைந்தது சரியா? சட்டப்படி சரி, இதில் எனக்குத் தயக்கமில்லை. ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது படைபலத்தைப் பயன்படுத்துவதை ஐ.நா. சாசனம் தடுக்கிறது. தற்காப்பு ஒரு விலக்கு, கவுன்சிலின் அனுமதி இன்னொரு விலக்கு. லிபியாவுக்கு இரண்டாவது கிடைத்தது. தன் மக்களைக் காக்க ஓர் அரசு தவறினால் அல்லது தானே அவர்களைக் கொன்றால், கவுன்சில் மூலமாக மற்ற நாடுகள் செயல்படலாம் என்று 2005 உலக மாநாட்டில் எல்லா நாடுகளும் ஏற்றிருந்தன. பாதுகாக்கும் பொறுப்பு என்று பெயர் பெற்ற அந்தக் கொள்கை முதன்முதலில் முழுப் படைபலத்தோடு களத்துக்கு வந்தது லிபியாவில்தான்.

தேவையா என்ற கேள்வி அவ்வளவு எளிதல்ல. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழு 2016 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை, பெங்காசிக்கு இருந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது என்று கண்டித்தது. மற்ற ஊர்களைத் திரும்பப் பிடித்தபோது கடாபியின் படை பொதுமக்களைக் கூட்டமாகக் கொல்லவில்லை என்பது அதன் முக்கிய வாதம். வலுவான வாதம்தான். ஆனாலும் அதை முழுதாக ஏற்க முடியவில்லை. அபு சலீமில் 1,200 பேரைக் கொன்று ஆண்டுக்கணக்கில் மறைத்த அரசு அது. பெங்காசி அந்தக் கிளர்ச்சியின் தலைநகரம். மற்ற ஊர்களைப் போல அதையும் நடத்தியிருப்பார்கள் என்று நம்ப என்ன ஆதாரம்? அறிக்கை எழுதியவர்களுக்கு ஐந்து ஆண்டு ஆவணங்கள் கையில் இருந்தன. மார்ச் 17 அன்று கை உயர்த்தியவர்களுக்கு இருந்தவை கடாபியின் பேச்சும், முன்னேறி வரும் டாங்கிகளும்தான். மார்ச் 19 அன்று பிரெஞ்சு விமானங்கள் முதல் தாக்குதலை நடத்தியபோது அந்தப் படை நகரின் விளிம்பைத் தொட்டுவிட்டது. அந்த முதல் சில நாட்களை நியாயமானவை என்றே எழுதிவைக்க வேண்டும்.

தவறு அதற்குப் பிறகு. ஏப்ரல் நடுவில் அமெரிக்க, பிரிட்டன், பிரெஞ்சுத் தலைவர்களான ஒபாமா, கேமரூன், சார்கோசி மூவரும் சேர்ந்து நாளிதழ்களில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கடாபியைப் பலவந்தமாக அகற்றுவது தங்கள் பணி இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். அதே கட்டுரையில், அவர் பதவியில் இருக்கும் லிபியாவுக்கு எதிர்காலமே இல்லை என்றும், அவர் இருக்கும்வரை நேட்டோவின் நடவடிக்கை தொடர வேண்டும் என்றும் எழுதினார்கள். பொதுமக்களைக் காப்பது என்ற வேலை, ஒரு மனிதர் பதவி இறங்கும்வரை போர் என்று அந்தப் பக்கத்திலேயே மாறிவிட்டது. இந்த மாற்றத்துக்குக் கவுன்சிலில் யாரும் வாக்களிக்கவில்லை.

அதே வாரத்தில்தான் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைவர்கள் திரிபோலிக்கும் பெங்காசிக்கும் போனார்கள். முன்பே, மார்ச் 20 வாக்கில் அவர்கள் போகக் கிளம்பியபோது பறக்க அனுமதி கிடைக்கவில்லை. ஏப்ரல் 10 அன்று தென்னாப்பிரிக்க அதிபர் ஜேக்கப் ஜூமா தலைமையில் போன குழுவின் போர்நிறுத்தத் திட்டத்தைக் கடாபி ஏற்பதாகச் சொன்னார். மறுநாள் பெங்காசி அதை நிராகரித்தது. கடாபியின் சொல்லை நம்பாததற்காகக் கிளர்ச்சியாளர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வானில் நேட்டோ இருக்கும்போது அவர்கள் பேச்சுவார்த்தைக்கு இறங்கிவரத் தேவையே இல்லாமல் போனது என்பதும் உண்மை. எப்போது முடியும் என்று யாரும் சொல்லாத ஒரு வான்படை தம் பக்கம் இருக்க, யார் சமரசம் பேசுவார்கள்?

ஆயுதத் தடையும் அதேபோல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. மேற்கு மலைப் பகுதியின் கிளர்ச்சியாளர்களுக்கு விமானத்திலிருந்து ஆயுதங்களைப் போட்டதை பிரான்ஸ் ஜூன் இறுதியில் ஒப்புக்கொண்டது. தம் வீரர்கள் நூற்றுக்கணக்கில் களத்தில் இருந்ததைக் கத்தாரின் தளபதி போர் முடிந்ததும் வெளிப்படையாகவே சொன்னார். தீர்மானம் தடுத்தது ஆக்கிரமிப்புப் படையைத்தான், எல்லா வீரர்களையும் இல்லை என்று சட்டப் புத்தகத்தைக் காட்டி வாதாடலாம். வாக்களித்த நாடுகள் மனதில் வைத்திருந்தது அந்த அர்த்தத்தை என்று சொல்ல முடியுமா?

இரண்டு நிகழ்வுகளை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் 8 அன்று மாஜெர் என்ற சிற்றூரில் நேட்டோ குண்டுகள் வீடுகள் மீது விழுந்தன. முதல் குண்டுவீச்சில் 16 பேர் இறந்தார்கள். இடிபாட்டில் சிக்கியவர்களை மீட்க ஓடிவந்தவர்கள் மீது அடுத்த குண்டு விழுந்து மேலும் 18 பேர் இறந்தார்கள். ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் அமைத்த விசாரணைக் குழு 2012 மார்ச்சில் பதிவு செய்த கணக்கு இது. நேட்டோ வேண்டுமென்றே பொதுமக்களைக் குறிவைக்கவில்லை, மிகுந்த கவனம் எடுத்துக்கொண்டது என்று அதே குழு சொன்னதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. என் கேள்வி வேறு. முன்னேறும் படையைத் தடுக்கும் கட்டம் எப்போதோ கடந்துவிட்ட ஆகஸ்டில், திரிபோலியை நோக்கிப் போகும் ஒரு தரப்புக்கு வழி திறந்துவிடும் போரில், அந்த 34 உயிர்களுக்கு யார் கணக்குச் சொல்வது? நேட்டோ தலைமையகம் கவுன்சிலுக்குக் கட்டுப்பட்டதில்லை. தடுக்கும் கருவி எதையும் கவுன்சில் தன் கையில் வைத்துக்கொள்ளவும் இல்லை.

மற்றது அக்டோபர் 20. சிர்தே நகரிலிருந்து காலையில் சுமார் 75 வாகனங்கள் தப்பி ஓடின. நேட்டோ விமானங்கள் அவற்றைத் தாக்கின. வாகனத்தைவிட்டு இறங்கி ஒரு கழிவுநீர்க் குழாய்க்குள் பதுங்கிய கடாபி பிடிபட்டு, பிறகு கொல்லப்பட்டார். ஆயுதம் ஏந்திய அந்த வாகனங்கள் பொதுமக்களுக்கு ஆபத்தாக இருந்தன என்று நேட்டோ விளக்கியது. தோற்று ஓடும் வாகனங்கள் எந்த ஊரின் பொதுமக்களை அச்சுறுத்தின?

எதிர்ப் பக்கத்துப் பொதுமக்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. கிளர்ச்சித் தரப்பில் இருந்த மிஸ்ராத்தா நகரின் ஆயுதக் குழுக்கள் அருகிலிருந்த தவெர்கா நகரை ஆகஸ்டில் முழுதாகக் காலிசெய்தன. கறுப்பின லிபியர்கள் வாழ்ந்த நகரம் அது. 30,000-க்கும் மேற்பட்டவர்கள் துரத்தப்பட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன. நேட்டோவின் நடவடிக்கை அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது. பொதுமக்களைக் காப்பது என்ற நான்காம் பத்தி தவெர்காவுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது.

இதையெல்லாம் மேற்கு நாடுகளின் சூழ்ச்சி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும் போக்கு நம் விவாதங்களில் உண்டு. அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேட வேண்டிய இடம் தீர்மானத்தின் வாசகம். 1973-ஆம் தீர்மானத்தில் 29 பத்திகள் இருக்கின்றன. அந்த அனுமதி எந்த நாளோடு முடிகிறது என்பது எந்தப் பத்தியிலும் இல்லை. எந்த நிலை எட்டினால் வேலை முடிந்தது என்ற வரையறையும் இல்லை. நம் ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டாலே பதினோரு மாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறோம். ஒரு நாட்டின் மீது குண்டு வீசக் கொடுத்த அனுமதியில் அந்த ஒரு வரி இல்லை.

அந்த வரி இல்லாததால் என்ன ஆகும்? அனுமதியைத் திரும்பப் பெற இன்னொரு தீர்மானம் வேண்டும். அதை அமெரிக்காவோ பிரிட்டனோ பிரான்ஸோ வீட்டோ செய்துவிடலாம். அதாவது, கதவைத் திறக்க ஐந்து வல்லரசுகளில் ஒன்றும் மறுக்கக் கூடாது. மூடாமல் வைத்திருக்க ஒருவர் போதும். தலைகீழ் வீட்டோ என்று இதை அமெரிக்கச் சட்ட அறிஞர் டேவிட் கேரன் 1993-லேயே விளக்கியிருந்தார். அதற்கு முன்னுதாரணமும் இருந்தது. குவைத்திலிருந்து ஈராக்கை வெளியேற்ற 1990 நவம்பரில் நிறைவேறிய 678-ஆம் தீர்மானத்திலும் முடிவு நாள் இல்லை. குவைத் 1991-லேயே மீட்கப்பட்டது. ஆனால் 2003-ல் பாக்தாத் மீது படையெடுத்தபோது, அந்தப் பழைய அனுமதி மீண்டும் உயிர்பெற்றுவிட்டது என்றுதான் பிரிட்டன் அரசின் சட்ட ஆலோசகர் வாதிட்டார். பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒரு காகிதத்தைத் தூசுதட்டி எடுத்துப் போருக்குப் போக முடிந்தது.

கவுன்சிலுக்குக் கெடு விதிக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. சோமாலியக் கடலில் கொள்ளையர்களைத் துரத்த 2008-ல் கொடுத்த அனுமதிக்கு ஆறு மாதக் கெடு இருந்தது. பலமுறை புதுப்பிக்கப்பட்டு 2022 மார்ச்சில் அது காலாவதியானது. போஸ்னியாவில் ஐரோப்பியப் படைக்கான அனுமதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. 1994-ல் ருவாண்டாவுக்குள் பிரெஞ்சுப் படையை அனுமதித்த 929-ஆம் தீர்மானம் இரண்டு மாதம் என்று கண்டிப்பாகச் சொன்னது, பிரெஞ்சுப் படையும் ஆகஸ்டில் வெளியேறியது. அந்த நடவடிக்கை மீது வேறு கடுமையான குற்றச்சாட்டுகள் உண்டு. இனக்கொலை செய்தவர்கள் எல்லை தாண்டித் தப்ப அது வழிவிட்டது என்பது அவற்றில் பெரியது. ஆக, கெடு இருப்பதாலேயே ஒரு தலையீடு நல்லதாகிவிடாது. கெடு வைத்தால் வல்லரசும் அதற்குக் கட்டுப்படும் என்பதற்கு மட்டும் அது சாட்சி.

இப்போது மார்ச் 17 அன்று மேசையைச் சுற்றி இருந்தவர்களைப் பாருங்கள். நிரந்தர இடம் கேட்டுக் கூட்டாகப் போராடும் நான்கு நாடுகளில் ஜப்பானைத் தவிர மூன்றும், அதாவது இந்தியா, பிரேசில், ஜெர்மனி, அன்று உறுப்பினர்கள். ஆப்பிரிக்காவுக்கு நிரந்தர இடம் கிடைத்தால் முதலில் பேசப்படும் பெயர்களான தென்னாப்பிரிக்காவும் நைஜீரியாவும் உறுப்பினர்கள். கவுன்சில் விரிவாக்கம் கேட்பவர்கள் கனவு காணும் அவை ஏறக்குறைய அன்று கூடியிருந்தது. அப்படியும் கெடு என்ற வரி தீர்மானத்துக்குள் வரவில்லை. இந்தியா தன் விளக்கத்தில், பொதுச்செயலரின் சிறப்புத் தூதரின் அறிக்கையே கைக்கு வரவில்லை, நடவடிக்கையை யார் எப்படி நடத்துவார்கள் என்பதும் தெளிவில்லை என்று சொன்னது. ரஷ்யாவும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. சொன்னதெல்லாம் சரி. ஆனால் அவை வாக்குப் போட்ட பிறகு படிக்கும் விளக்க உரையில் இருந்தன. உரை குறிப்பேட்டுக்குப் போகும். தீர்மானத்தின் வாசகம் போர்க்களத்துக்குப் போகும்.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. எந்தத் தீர்மானமும் நிறைவேற 15-ல் 9 வாக்குகள் வேண்டும். 1973-க்குக் கிடைத்தவை 10. ஆதரித்தவர்களில் தென்னாப்பிரிக்கா, நைஜீரியா, கபோன் ஆகிய மூன்று ஆப்பிரிக்க நாடுகள் இருந்தன. அவற்றில் இரண்டு, 90 நாள் கெடு இல்லையென்றால் எங்கள் வாக்கு இல்லை என்று நின்றிருந்தால் எண்ணிக்கை எட்டாகிவிடும், தீர்மானம் விழுந்துவிடும். டாங்கிகள் பெங்காசியை நெருங்கும் நேரத்தில் வாஷிங்டனும் பாரிஸும் லண்டனும் அந்த ஒரு வரியை மறுத்திருக்க முடியுமா? முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன். வீட்டோ இல்லாத இரண்டு நாடுகளின் கையில் அன்று அவ்வளவு பேரம் இருந்தது. மூன்று மாதம் கழித்து, தீர்மானத்தை ஆட்சி மாற்றத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று ஜூமா தன் நாடாளுமன்றத்தில் குற்றம்சாட்டினார். குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. அதைத் தடுக்கும் வாய்ப்பு மார்ச்சில் அவருடைய தூதரின் கையில்தான் இருந்தது என்பதும் உண்மை. ஒதுங்கிய ஐந்து நாடுகளுக்கும் இது பொருந்தும். ஒதுங்குவதை நடுநிலை என்று சொல்லிக்கொள்ளலாம். அதனால் நான்காம் பத்தியில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் பலமானது இது: கெடு வைத்தால் கொடுங்கோலன் நாளை எண்ணிக்கொண்டு காத்திருப்பான். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நேட்டோ தனக்குத்தானே 90 நாள் கெடு வைத்துக்கொண்டுதான் அந்தப் போரை நடத்தியது. ஜூன் 1 அன்று கூடி இன்னொரு 90 நாள் நீட்டித்தது, செப்டம்பர் 21 அன்று மறுபடியும் நீட்டித்தது. அந்தக் கெடு படை நடவடிக்கையைக் குலைக்கவில்லை. பிரஸ்ஸல்ஸில் 90 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க முடிந்த அனுமதியை நியூயார்க்கில் ஏன் புதுப்பிக்க முடியாது? ஒரே காரணம்தான்: நியூயார்க்கில் மறுப்பவர்கள் இருப்பார்கள்.

அப்படி ஜூனில் ரஷ்யா மறுத்திருந்தால்? இதுதான் என்னை அதிகம் தயங்க வைத்த கேள்வி. முற்றுகையில் கிடந்த மிஸ்ராத்தா துறைமுகம் வழியாக வந்த உணவாலும் மருந்தாலும் உயிர்பிடித்திருந்தது. மே நடுவில்தான் முற்றுகை உடைந்தது. ஏப்ரலில் கெடு முடிந்திருந்தால் அந்த நகரம் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. 90 நாள் என்றால் ஜூன் நடு. அப்போது பெங்காசிக்கு ஆபத்து இல்லை, மிஸ்ராத்தா மூச்சுவிட்டிருந்தது, போர்முனைகள் பெரும்பாலும் நகராமல் நின்றன. புதுப்பிக்க வேண்டுமானால் மூன்று வல்லரசுகளும் ரஷ்யாவோடும் ஆப்பிரிக்க நாடுகளோடும் பேரம் பேசியாக வேண்டும். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் திட்டம் மேசைக்குத் திரும்பியிருக்கும். அது வென்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஜூன் 27 அன்று குற்றவியல் நீதிமன்றம் கடாபிக்குப் பிடியாணை பிறப்பித்த பிறகு அவருக்கு வெளியேறும் வழியும் குறுகிவிட்டது. நாடு இரண்டாகப் பிளந்து நின்றிருக்கலாம். ஆனால் அத்தனை போருக்குப் பிறகும் 2014-ல் லிபியா இரண்டு அரசுகளாகப் பிளந்துதான் நின்றது. அதற்குள் கடாபியின் கிடங்குகளிலிருந்து கசிந்த ஆயுதங்கள் மாலி வரை போயிருந்தன.

கெடுவை வல்லரசுகள் சொல்ஜாலத்தால் தாண்டிவிடும் என்பது இன்னொரு ஆட்சேபம். இதற்கும் அதே போரில் சான்று உண்டு. நாடாளுமன்ற அனுமதி இல்லாத போரை 60 நாளில் நிறுத்த வேண்டும் என்று வியட்நாம் போரின் முடிவில் அமெரிக்கா தன் அதிபருக்கே ஒரு சட்டம் போட்டது. 2011 மே 20 அன்று அந்த 60 நாள் முடிந்தது. நடப்பது அந்தச் சட்டம் சொல்லும் வகையான மோதலே இல்லை என்று ஒபாமா நிர்வாகம் வாதிட்டது, விமானங்கள் தொடர்ந்து பறந்தன. இந்த ஆட்சேபத்தை என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை. இருந்தாலும் வித்தியாசம் உண்டு. அனுமதி காலாவதியான பிறகு விழும் ஒவ்வொரு குண்டும் சட்டத்துக்கு வெளியே விழுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். தளம் கொடுக்கும் நாடு, எரிபொருள் கொடுக்கும் நாடு, அடுத்த தேர்தலைச் சந்திக்கும் ஆளுங்கட்சி எல்லாவற்றுக்கும் அது பாரமாகும். 1973-ன் கீழ் அந்தப் பாரம் ஒரு நாளும் யார் தோளிலும் ஏறவில்லை.

பிரேசில் இதைப் புரிந்துகொண்டது. 2011 நவம்பரில், காக்கும்போதும் பொறுப்பு என்ற கருத்தை அது ஐ.நா.வில் முன்வைத்தது: படைபலம் கடைசி வழியாக இருக்க வேண்டும், அனுமதி பெற்றவர்கள் கவுன்சிலுக்குத் தொடர்ந்து கணக்குக் காட்ட வேண்டும். மேற்கு நாடுகள் அதைச் சந்தேகத்தோடு பார்த்தன. ரஷ்யாவும் சீனாவும் அதை ஏந்திக்கொள்ளவில்லை. பிரேசிலும் பிறகு அதைத் தள்ளிக்கொண்டு போகவில்லை. அந்த ஆண்டுகளில் ஐ.நா.வில் வந்த யோசனைகளில் உண்மையிலேயே பயன்படக்கூடியது அது ஒன்றுதான் என்பது என் கருத்து.

விலை சிரியாவில் தெரிந்தது. 2011 அக்டோபர் 4 அன்று சிரியா பற்றிய முதல் தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் சேர்ந்து வீட்டோ செய்தன. லிபியாவில் நடந்ததை ரஷ்யத் தூதர் வெளிப்படையாகவே காரணமாகச் சொன்னார். சிரியாவில் ரஷ்யாவுக்குக் கடற்படைத் தளம் இருந்தது, லிபியா நடக்காவிட்டாலும் அது வீட்டோ செய்திருக்கலாம். ஆனால் அன்று இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்றும் ஒதுங்கின; அவற்றுக்குத் தளம் எதுவும் அங்கே இல்லை. நம்பிக்கை போனதுதான் காரணம். அடுத்த பத்தாண்டில் சிரியாவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கணக்கிட்டது.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு கேள்வி எழாமல் இருக்காது. 2009-ல் வன்னியில் மக்கள் ஒரு கடற்கரைத் துண்டில் அடைபட்டுக் கிடந்த மாதங்களில் இலங்கை நிலவரத்தைப் பாதுகாப்பு கவுன்சில் தன் முறையான நிகழ்ச்சி நிரலில்கூடச் சேர்க்கவில்லை. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழுவின் அறிக்கை வெளிவந்தது 2011 ஏப்ரலில், லிபியா மீது விமானங்கள் பறந்துகொண்டிருந்த அதே மாதத்தில். தன் அமைப்பே அங்கே தவறியது என்று சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான ஐ.நா.வின் உள் ஆய்வு 2012-ல் ஒப்புக்கொண்டது. தீர்மானத்தில் கெடு எழுதுவதால் முள்ளிவாய்க்காலுக்கு எதுவும் கிடைத்திருக்காது. தீர்மானமே வராத இடத்தில் கெடுவுக்கு என்ன வேலை? வீட்டோவைக் கட்டுப்படுத்தாமல் அந்த அநீதி தீராது. 2022-ல் லிக்டன்ஸ்டைன் முன்மொழிந்து பொதுச்சபை ஏற்ற ஏற்பாட்டின்படி, வீட்டோ விழுந்தால் பத்து வேலை நாளுக்குள் பொதுச்சபை கூடி அதை விவாதிக்கிறது. நல்ல தொடக்கம்தான், பல் இல்லாத தொடக்கம். நான் வாதிடும் சீர்திருத்தம் நோயின் ஒரு பாதியை மட்டுமே தொடுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அந்தப் பாதியைத் தொட எந்த வல்லரசின் சம்மதமும் வேண்டியதில்லை. கவுன்சிலின் அமைப்பை மாற்ற சாசனத்தைத் திருத்த வேண்டும். அதற்கு உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கும் ஐந்து வல்லரசுகளும் ஒப்புதல் தர வேண்டும். அது நடக்காததும் இல்லை. 1963-ல் கவுன்சிலை 11-லிருந்து 15 ஆக விரிக்கும் தீர்மானம் பொதுச்சபையில் வந்தபோது ஐந்து வல்லரசுகளில் அன்றைய சீனா மட்டுமே ஆதரித்தது. சோவியத் யூனியனும் பிரான்ஸும் எதிர்த்தன, அமெரிக்காவும் பிரிட்டனும் ஒதுங்கின. இரண்டே ஆண்டில் ஐந்தும் பணிந்து ஒப்புதல் கொடுத்தன. விரிவாக்கத்துக்காகப் போராடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை இருக்கிறது என்கிறேன்.

2028-29 காலத்துக்கான தற்காலிக உறுப்பினர் இடத்துக்குப் போட்டியிடப்போவதாக இந்தியா அறிவித்திருக்கிறது. வெற்றி பெற்றால் முதல் நாளிலேயே ஒரு கொள்கையை வெளிப்படையாகச் சொல்லலாம். படைபலத்துக்கு அனுமதி தரும் எந்தத் தீர்மானத்திலும் 90 நாளில் காலாவதியாகும் வரி வேண்டும். எந்த இலக்கை எட்டினால் வேலை முடிந்தது என்று எழுதியிருக்க வேண்டும். 30 நாளுக்கு ஒருமுறை, கொல்லப்பட்ட பொதுமக்களின் கணக்கோடு அறிக்கை வர வேண்டும். இவை இல்லாத தீர்மானத்துக்கு இந்தியா ஒதுங்கி நிற்காது, எதிர்த்து வாக்களிக்கும். தேர்ந்தெடுக்கப்பட்டு வரும் பத்து நாடுகளில் இன்னும் ஆறு இந்தியாவோடு நின்றால், ஐந்து வல்லரசுகளும் ஒன்றுசேர்ந்தாலும் ஒன்பது வாக்குகள் தேறாது.